ராட்டினத்தில் தூக்கிய கைகள்

என் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம், தேக்குச் சட்டம் போட்டது. கடற்கரை ஓரமாக இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எடுத்தது. படம் முழுக்க ஒரு ராட்சத ராட்டினம். அதன் தொட்டிகளில் என் தறி ஷெட்டின் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி முஷ்டி பிடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்காமல் போவதில்லை. "இன்னா சந்தோஷம் பாருங்க, எல்லாருக்கும்!" என்பார்கள். நானும் "ஆங்" என்று சொல்லிவிட்டு, இந்தத் திருத்தணி வட்டாரத்திலேயே தன் ஆட்களை வேன் வைத்து மெட்ராசுக்குக் கூட்டிப்போய் ராட்டினம் ஏற்றிய முதலாளி நான் ஒருத்தன்தான் என்று ஆரம்பித்துவிடுவேன். ஒருத்தன்தான் என்பதும் முழுக்க உண்மையில்லை. ஆனாலும் நாற்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குழித்தறி. அங்கிருந்து கிளம்பி வந்து திருத்தணியில் தகரக் கொட்டகை போட்டு இரண்டு விசைத்தறி இறக்கியவன் நான். இரண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு, எட்டு பதினாறாச்சு. படித்தவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிற நேரத்தில் நான் ஒரு பாவு ஓட்டி முடித்திருப்பேன். இதையெல்லாம் நான் தனியாகச் செய்தேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். தனியாக இல்லை. என் அக்கா கூட இருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் புருஷன், எங்கள் பாவா, செத்துப்போன மறுவருஷம் என்னோடு கிளம்பி வந்தாள். யாவாரம் பேசுவது, நூல் எடுத்துவருவது, லுங்கிக் கட்டுகளை அனுப்புவது என் வேலை. ஷெட்டுக்குள் நடக்கிற எல்லாம் அவள் வேலை. எந்தத் தறி எப்போது மக்கர் பண்ணும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

விசைத்தறி ஷெட்டுக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் கையால்தான். கட்டைவிரலை ஆட்காட்டி விரலில் தேய்த்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனால் டீ வந்தாச்சு. இரண்டு விரலை மீசை மேல் ஓட்டினால் முதலாளி வருகிறான். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலான கைப்பேச்சு ஒன்று உண்டு. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி முஷ்டி பிடித்து அசையாமல் வைத்திருந்தால், நிறுத்து என்று அர்த்தம். ஒரு கைதான் தூக்க வேண்டும். இன்னொரு கை மிஷினில் மாட்டியிருக்கலாம் இல்லையா? இதை வைத்தவள் அக்கா. முஷ்டியைப் பார்த்தவன் தானும் முஷ்டியைத் தூக்க வேண்டும், அதைப் பார்த்து அடுத்தவன் தூக்க வேண்டும், அப்படியே மெயின் சுவிட்ச் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. கேள்வியெல்லாம் மிஷின் நின்ற பிறகுதான். அந்தக் கொட்டகையில் ஒரு விரல்கூடப் போகவில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம். நான் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் ஷெட் மூடினோம். எப்போதும்போலப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒருத்தர் முகத்திலும் களையில்லை. விசாரித்தால், நாலு தெரு தள்ளி ஷெட் வைத்திருந்த இன்னொரு முதலாளி தன் ஆட்களைக் கடற்கரையில் புதுசாக வந்திருக்கிற பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தானாம். அவனிடம் இருந்தது ஆறு தறி. ஆறு தறிக்காரன் போய்வந்த இடத்துக்குப் பதினாறு தறிக்காரன் போகாமல் இருப்பதா? மறுநாளே வேன் பேசிவிட்டேன். அக்காதான் முனகினாள். "மலை அடிவாரத்துலயே ராட்டினம் சுத்திகினு கீது. அதுல ஏறி எறங்கிட்டு முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டா ஆச்சு. இதுக்கு மெட்ராஸ் வரிக்கும் போவணுமா?" என்றாள். "உனக்கு இன்னாக்கா தெரியும், அது கை ராட்டினம், இது கரண்டு ராட்டினம்" என்று அவள் வாயை அடைத்தேன்.

விடிந்ததும் கிளம்பினோம். கனகம்மாசத்திரத்தில் டீ. வேனுக்குள் பாட்டும் கும்மாளமும். பூங்கா வாசலில் முதல் இடி விழுந்தது. தூக்குகளில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் அக்கா கட்டி வந்திருந்தாள். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றான் வாசல்காரன். நான் எப்படிப்பட்ட ஆள், என் ஷெட் எவ்வளவு பெரிது என்றெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "தூக்க வெளிய வெச்சிட்டு வாங்க பெரியவரே" என்றான். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. என் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் காலை ஒன்பது மணிக்கே ரோட்டோரச் சவுக்கு நிழலில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம். வயிறு முட்ட புளிச்சோற்றோடுதான் உள்ளே போனோம். அந்த நாள் முழுக்க எனக்கு ஏறின சூட்டுக்கு அந்த "பெரியவரே"தான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

உள்ளே சந்தோஷம் இல்லாமலில்லை. ஆளைக் குட்டையாகவும் தடியாகவும் காட்டுகிற கண்ணாடிகள் இருந்த ஒரு அறையில் என் ஆட்கள் ஒரு மணி நேரம் வெளியே வராமல் சிரித்தார்கள். அக்காகூட, பானை மாதிரித் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்து, "இவுளுக்குச் சோறு போட்டு மாளாது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடல் பார்த்தார்கள். அதுவரை கடலைப் பார்க்காத பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்து, உப்புத்தான் என்று எல்லாருக்கும் உறுதி சொன்னாள். ஆனால் வெயில், வரிசை, மறுபடி வெயில், மறுபடி வரிசை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அரைமணி நின்று அரை நிமிஷம் ஆடினோம். மூன்று மணிக்குக் கால் கடுத்து எல்லாரும் சோர்ந்து போனார்கள். அப்போதுதான், ராட்டினம் ஏறாமல் ஒருத்தரும் போகக்கூடாது என்று நான் சொன்னேன்.

அக்கா ஏறமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. "மொதலாளி அக்கா பயந்துகினு கீழ நின்னுச்சுன்னு ஊரு பூரா பேசணுமா? பதினாறு தறியக் கட்டி ஆளுறவ, ஒரு தொட்டியில ஒக்கார பயப்படுறியே" என்று எல்லார் முன்னாலும் கேலி பண்ணினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஏறலியா?" என்று கேட்டாள். "செருப்பு, பையெல்லாம் யார் பாத்துக்கறது?" என்றேன். இதை இப்போது எழுதும்போதுதான் முதல்முதலாகச் சொல்கிறேன். எனக்கு உயரம் என்றால் நடுக்கம். மலைக்கோயிலிலேயே கைப்பிடிச் சுவர் ஓரமாக நான் நிற்கமாட்டேன். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் சபையில் சொல்லவில்லை. ஷெட்டில் நூல் சுற்றச் சேர்ந்திருந்த, கல்யாணமாகி நாலு மாதமே ஆன ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏறினாள்.

ராட்டினத்தை ஓட்டியவர் காக்கிச் சட்டை போட்ட, தலை நரைத்த மனிதர். அவர் பக்கத்தில் நின்று என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். "நம்ம ஆளுங்க மிஷின் சத்தத்துலயே பொறந்தவங்க. நல்லா வேகமா விடுங்க" என்றேன். மூன்றாவது சுற்றில் அக்கா கையைத் தூக்கினாள். முஷ்டி. அசையவில்லை. எனக்குத் தெரிந்தது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். அவள் முகம்கூடத் தெரிந்தது. ராட்டினக்காரர் கேட்டார்: "அந்தம்மா கை காட்டுதே சார், நிறுத்தட்டா?"

அந்த நேரத்தில் என் புத்தியில் ஓடியது இதுதான்: அக்கா பயந்துவிட்டாள். நிறுத்தினால், நாலு தெரு தள்ளி இருக்கிறவன் காதுக்கு நாளைக்கே போய்விடும். "குஷியில தூக்குதுங்க. இன்னும் ரெண்டு சுத்து விடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அதற்குள் அடுத்த தொட்டியில் இருந்தவன் அவள் முஷ்டியைப் பார்த்துவிட்டுத் தன் முஷ்டியைத் தூக்கினான். அவனைப் பார்த்து அடுத்த தொட்டி. ஒருத்தருக்கும் காரணம் தெரியாது. கேட்கவும் இல்லை. ஷெட்டில் செய்கிற மாதிரியே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ராட்டினம் முழுக்க முஷ்டிகள், மேலே போவதும் கீழே வருவதுமாக. கீழே வருகிற ஒவ்வொருத்தரும் என்னைப் பார்த்தபடியே என் தலைக்கு நேராகக் கடந்து போனார்கள். நான் சொன்ன இரண்டாவது சுற்று முடிவதற்குள் ராட்டினக்காரரே, "இது குஷி இல்ல சார்" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு மயக்கம் வந்து முன்னால் சரிந்திருக்கிறது. குறுக்குக் கம்பியின் கொக்கி கழன்றிருக்கிறது. அக்கா இடது கையால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கியபடி அத்தனை சுற்றும் இருந்திருக்கிறாள். இறங்கியபோது அவள் இடது கையில் கம்பி அழுத்திய தடம் கன்றிப்போயிருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சோடா கொடுத்து, முகம் கழுவிவிட்டு, அவள் கண் திறந்த பிறகுதான் அக்கா என்னிடம் வந்தாள். திட்டவில்லை. "மேல இருந்து பாக்க சூரியன் கண்ணுல அடிச்சிது. நீ என்னப் பாத்தா மாதிரி இருந்திச்சி. கண்டுகினியா இல்லியா?"

"இல்லக்கா. சோடா வாங்கத் திரும்பினேன்" என்றேன்.

"ஆங்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நம்பினாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நான் சொன்னதை நம்பாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. திரும்பும்போது கனகம்மாசத்திரத்தில் எல்லாரும் டீக்கு இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. அந்தப் பெண் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல் ஷெட் ஓடியது. ஒரு மாதம் கழித்து, பூங்காவில் விலாசம் எழுதி வாங்கிக்கொண்ட படக்காரன் அனுப்பிய படம் தபாலில் வந்தது. முஷ்டிகளோடு ராட்டினம். எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் என் ஆட்கள், என் செலவு, என் பெருமை. பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டி, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பிப் போனார்கள். அக்கா மட்டும் ரொம்ப நேரம் நின்றாள். கண்ணாடியின் அடி மூலையில் ஒரு விரலை வைத்தாள். தன்னைத் தேடுகிறாள் என்று நினைத்து, "நீ மேலக்கா, அங்க பாரு" என்று காட்டினேன்.

அடுத்த வாரமே அம்மையார்குப்பத்துக்குப் போய்விட்டாள். பழைய வீட்டிலேயே ஒரு தறி போட்டுக்கொண்டாள். ஆள் அனுப்பினேன், நானே போனேன். "வூட்டுலயே ஒக்காந்து நெய்றேன் நைனா. நிறுத்தணும்னா நானே நிறுத்திக்குவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மோர் கொடுத்து உபசரித்துத்தான் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. முதலாளி தம்பிக்குக் கீழே வேலை பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஊரில் சொல்லிவைத்தேன்.

போகிக்குச் சுவரைத் துடைக்கும்போது படத்தை இறக்கினேன். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தபோது, அவள் விரல் வைத்த மூலையில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. ராட்டினக்காரர் பக்கத்தில், காலடியில் செருப்புக் குவியலோடு, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து நேராக அக்காவின் தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அது நான்.

கழற்றி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று திரும்ப மாட்டினேன். அதன் பிறகும் கடைசிவரைக்கும் அக்கா என் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிடவில்லை. என் மகன் கல்யாணத்தன்று சம்பந்தி ஒருவர் இந்தப் படத்தின் முன்னால் நின்று, "எல்லாரும் எவ்ளோ குஷியா கீறாங்க!" என்றார். அக்கா பக்கத்தில் இருந்தாள். "ஆங், ரொம்ப குஷி" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். ராட்டினத்துக்கு அடியில் நான் மறைத்த பயத்தை எப்படிச் சபையில் சொல்லாமல் விட்டாளோ, அப்படியே இதையும் விட்டாள். அன்று ராத்திரி, நாளைக்குச் சொல்லிவிடலாம், பார்த்தேன் அக்கா என்று ஒரே ஒரு சொல், என்று நினைத்தேன். அந்த "நாளைக்கு" வருவதற்குள் அவளுக்குக் காது சுத்தமாகப் போயிற்று. கையால் சொல்லியிருக்கலாம். கைப்பேச்சு எனக்கு நன்றாகவே தெரியும். அதையும் செய்யவில்லை. போன பங்குனியில் போய்ச்சேர்ந்தாள்.

நேற்று நூல் விஷயமாக ஒருவர் வந்தார். புது ஆள். கூடத்தில் உட்காருவதற்குள் அவர் கண் படத்துக்குப் போனது. "இன்னா சந்தோஷம் பாருங்க!" என்றார். ஆங் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சந்தோஷம் இல்லீங்க" என்றேன். "நிறுத்தச் சொல்றாங்க."

"யாருகிட்டங்க?"

எழுந்துபோய்க் கண்ணாடியின் அடி மூலையில் விரலை வைத்தேன்.