அம்மா கேட்ட சீன எழுத்து

அப்புத்தளைக் குளிரில் விறைத்துப்போன விரலைக் கைபேசியின் கண்ணாடி லேசில் ஏற்றுக்கொள்ளாது. வாயருகே வைத்து ஊதி, கன்னத்தில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டுதான் அதன்மேல் கோடு இழுக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் படித்த அந்த மழைக்காலம் முழுவதும் நான் அப்படித்தான் ஒரு சீன எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் "லயத்தில்" சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற "மடுவத்தின்" பின்சுவரை ஒட்டி நின்றால்தான் அம்மாவின் முகம் உடையாமல் தெரியும். அப்பாவின் தோட்டச் சம்பளம் போதாமல் அம்மா ஹொங்கொங்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பக்கவாதத்தில் படுத்து, பேச்சும் போய்விட்ட ஒரு சீனக் கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அவருடைய மகள் காலையில் அலுவலகம் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாராம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. அங்கே வேலை செய்யும் மற்றப் பெண்களைப் போல ஒரு மேம்பாலத்தடியில் அட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டு எங்களைக் கூப்பிடுவாள்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான், மருந்து அட்டைப் பெட்டியின் உட்பக்கத்தில் பேனாவால் வரைந்த ஒன்றைக் காட்டினாள்.

"தாத்தா போர்வ மேல வெரலால தெனமும் இதையேதான் எழுதுறாரு. தண்ணி குடுத்தாச்சு, ஜன்னலத் தொறந்தாச்சு, எதுக்கும் தலையாட்ட மாட்டேங்குறாரு. மக வந்து ஒக்காந்தா மட்டும் எழுதுறதே இல்ல. என்னான்னு பாரு கண்ணு."

அவருடைய மகளான அந்த அக்காவிடமே கேட்கலாமே என்றேன். "வேலைக்கு வந்தவளுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு நெனைச்சுட்டா, வேற ஆளப் பாத்துருவாங்க" என்றாள் அம்மா.

அப்பாவின் கைபேசியில், விரலால் எழுதிக் காட்டினால் பொருள் சொல்கிற வசதி ஒன்று இருந்தது. அம்மா வரைந்ததே அரைகுறை. அதைப் பார்த்து நான் வரைந்தது இன்னும் மோசம். முதலில் "வாளி" என்று வந்தது. அம்மா வாளியைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்ததும் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அடுத்த வாரம் "வழியாக" என்று வந்தது. எதன் வழியாக, எங்கே போக? எழுந்து உட்காரவே முடியாத மனிதர். எனக்கு அலுத்துவிட்டது. அம்மாவுக்கும்தான். "தாத்தாவோட வெரலு எங்க தொடங்குது, எங்கெங்க போகுதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டேன். ஒரு வாரம் முழுக்கப் பார்த்து வைத்திருந்து, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"மொதல்ல உச்சியில ஒரு புள்ளி. அதுக்குக் கீழ படுக்கக் கோடு. அப்புறம் எடது பக்கம் சரிச்சு நீளமா ஒண்ணு. அதுக்கு வெளிய ரெண்டு சின்னக் கீறல். உள்ளுக்குத்தான் நாம வரைஞ்ச அந்த ஜன்னல் மாதிரி."

வெளிக்கோடுகளைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் விட்டிருந்தோம். சொன்ன வரிசையிலேயே எழுதினேன். 痛 என்று நின்றது. பக்கத்தில் தமிழில் "வலி" என்று வந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அம்மா அதைத் தன் உள்ளங்கையில் ஒருமுறை எழுதிப் பார்த்தாள்.

மறுநாள் அவரைப் புரட்டிப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வைத்திருந்ததாம். மகளிடம் சொல்லி, மருந்து கட்டி, அது மெல்ல மெல்ல ஆறியது. அதற்குப் பிறகு அம்மாவே அந்த எழுத்தைக் கிழவரின் உள்ளங்கையில் எழுதி, எங்கே என்று கையால் கேட்கப் பழகிக்கொண்டாள். வேறு எழுத்துகளும் கற்றுக்கொள்ளலாமே என்று ஆசையாகச் சொன்னேன். "மத்ததெல்லாம் கைய காட்டுனா வெளங்குது. இது ஒண்ணுதான் காட்ட முடியல" என்றாள்.

எனக்கோ அது கைப்பழக்கமாகிவிட்டது. பனி படிந்த பஸ் கண்ணாடியில் எழுதினேன், கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன். தேயிலைச் செடிகளுக்கு மருந்துத் தண்ணி தெளித்துவிட்டு வந்து குப்புறப் படுத்திருக்கும் அப்பாவின் முதுகில் தைலம் தேய்க்கும்போதும் என் விரல் தானாக அதை எழுதும். "தேய்க்கச் சொன்னா என்னாடி கிச்சுகிச்சு மூட்டுற" என்பார்.

பிறகு ஒரு ஞாயிறு, அம்மா அட்டையில் உட்காராமல் படுத்துக்கொண்டே பேசினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"யாருக்குத்தான் வலிக்கல? ஒங்கப்பாவுக்கு வலிக்கலையா?"

"அந்த எழுத்த எழுதி அக்காகிட்டக் காட்டும்மா."

"காட்டுனா அனுப்பிருவாங்கடி."

காட்டிக்கொடுத்தது கிழவர். ஒருநாள் அவரைத் தூக்கி உட்காரவைத்த அம்மா, நிமிர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் அவளுடைய கையை இழுத்து, உள்ளங்கையில் அந்த எழுத்தை எழுதிவிட்டு முகத்தைப் பார்த்தாராம். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அன்று மாலை மகள் வந்ததும் போர்வையின்மேல் அதையே எழுதி, அம்மாவை நோக்கி விரலை நீட்டிவிட்டார். இதைச் சொல்லும்போதுதான் அந்த ஊருக்குப் போன பிறகு அம்மா அழுவதை முதன்முதலாகப் பார்த்தேன். கோபத்தில் அழுகிறாளா, வேறெதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மகள் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனார், இடுப்புக்குப் பட்டி வாங்கிக் கொடுத்தார், எல்லாம் செய்தார். ஒப்பந்தம் முடிந்ததும் வயது குறைந்த வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார். "நல்லவங்கதான். தூக்க முடியாதவள வச்சுக்கிட்டு அவங்கதான் என்ன பண்ணுவாங்க" என்று, வந்து இறங்கிய அன்றே அம்மா சொல்லி முடித்துவிட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மலைக்குக் கொழுந்து எடுக்கவும் அவளால் முடியவில்லை.

இப்போது எந்த எழுத்தையும் யாரும் விரலால் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. கைபேசியைக் காட்டினாலே அது படித்துவிடுகிறது. அம்மா வேலை செய்த வீட்டு எண்ணுக்கு அழைத்தால் அழைப்பு போவதில்லை. கிழவர் இருக்கிறாரோ, இல்லையோ.

பதுளையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். பண்டாரவளையில் பஸ் மாறி வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்கிறாள், "காலு வலிக்குதா?" என்று. இல்லை என்கிறேன். அவளும் நம்பியவள்போலச் சோறு போடுகிறாள்.