பலகையில் என் பெயர்

அந்தக் கூட்டத்தைக் கலைத்தவன் நான்தான். மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊரின் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் சனிக்கிழமை காலைகளில் மூத்த ஆசிரியர் ஒருவருடைய வகுப்பறையில் கூடி, பாடம் நடத்தும் வழிகளைப் பேசுவோம். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் வெண்கட்டி. யார் நல்ல யோசனை சொன்னாலும் அதைச் சொன்னவர் பெயரோடு கரும்பலகையில் எழுதுவார். என் பெயரையும் எழுதியிருக்கிறார். இருந்தும், எல்லாரும் அவரையே சூழ்ந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே அரசியல் பேசுகிறார்கள் என்று மேலதிகாரியிடம் பொய் சொன்னேன். கூட்டம் நின்றது.

மறு ஆண்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அனுமதி வாங்கி, என் பள்ளியில் கூட்டத்துக்கு எல்லாரையும் அழைத்தேன். நான் செய்தது அதற்குள் பரவியிருந்தது, ஒருவரும் வரவில்லை. அவர் மட்டும் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“மன்னிச்சிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல லா. பின்னக் கணக்கு எப்படி நடத்துறீங்க? அதச் சொல்லுங்க.”

சொன்னேன். பலகையில் எழுதினார். பக்கத்தில் என் பெயரையும் எழுதினார்.