அம்மா டேங்கை உடைத்த வருஷம்

எங்கள் வீட்டில் கோபத்துக்குப் பேர்போனவர் சித்தப்பா. பஸ் நிற்காமல் போனால் டிரைவரைத் திட்டுவார். மழை பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவார், பெய்தால் ரோடு போட்டவனைத் திட்டுவார். அம்மாவுக்குக் கோபமே வராது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவள் கடப்பாரையைக் கையில் எடுக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கரியாலூருக்குப் போகிற பஸ் ஏற்றம் ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மலைமேல் சாமையும் தினையும் என்றால் எங்கள் பக்கம் மரவள்ளி. நட்டுவிட்டால் அதிகம் வம்பு பண்ணாத பயிர். தண்ணீர் கொஞ்சம் கம்மியானாலும் பொறுத்துக்கொள்ளும். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு ஜவ்வரிசி அரைக்கப் போகும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு மரவள்ளிக் கொல்லை இருந்தது. எங்கள் சாப்பாடு, என் பள்ளிக்கூடம், சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எல்லாம் அந்தக் கொல்லையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வருஷம் கொழுந்தில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. யாரோ கோலமாவை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. நான் ஊதிப் பார்த்தேன், பறக்கவில்லை. விரலால் நசுக்கினால் பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி என்றார்கள். ஏதோ வெளிதேசத்திலிருந்து வந்துவிட்டதாம். கொழுந்து சுருண்டு இலை கொட்டிச் செடி மொட்டையானது. பள்ளிக்கூடத்துப் பப்பாளி மரம் போயிற்று. எங்கள் வாசல் செம்பருத்தியும் போயிற்று.

பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் அதைவிடக் காட்டமான ஒன்றைக் கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை என்றதும் இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். பூச்சியின் மேலிருந்த மாவு மெழுகுபோல மருந்தை வழியவிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். இலையைப் போட்டோ எடுத்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் அம்மாவோடு கொல்லைக்குச் சோறு கொண்டுபோனேன். அப்பா முதுகில் மருந்தடிக்கிற டேங்கோடு வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அப்புறம் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. டேங்க் சாய்ந்து மருந்து அவர் முதுகெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அம்மா அதைக் கழற்றப் பார்த்தாள். வார் அவிழவில்லை. அரிவாளால் அறுத்து எறிந்தாள். சித்தப்பா பைக்கில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அப்பா பிழைத்து வந்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் பாதி டீ சட்டையில் கொட்டும். அம்மாதான் பிடித்துக் குடிக்கவைப்பாள். சித்தப்பா அறுந்த வாருக்குப் பதில் கயிற்றைக் கட்டி அதே டேங்கைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போனார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குப்பி அக்கா வந்தாள். பேர் என்னவோ சொன்னாள். கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு ஜீப்பிலிருந்து இறங்கியதால் எனக்கு அவள் குப்பி அக்கா. கவர்மெண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. சின்ன வயசுதான். குப்பியின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள். உள்ளே மிளகுத்தூள் சிந்தினாற்போல் இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தத் தூள் நடந்தது.

சித்தப்பா வாசலிலேயே மறித்தார்.

"இன்னா மேடம் இது, கொசுவா?"

"குளவிங்க. ரொம்பச் சின்னக் குளவி, மனுஷங்கள ஒண்ணும் பண்ணாது. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ள இருந்தே பூச்சியத் தின்னுட்டு வெளிய வரும்."

சித்தப்பா சிரித்தார். அவர் கோபத்தைவிட அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கும்.

"எங்கண்ணன் செத்துப் பொழச்சி வந்துருக்கான். மாசக்கணக்கா உங்க ஆபீசு வாசல்ல நின்னுகினு இருந்தோம். நீ இன்னாடான்னா பூச்சிக்குப் பூச்சி புடிச்சாந்துருக்கற. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது? சரி, எவ்ளோ இது?"

"காசு கிடையாதுங்க."

"அதான் பாத்தேன். காசு இல்லன்னா சரக்கு சரியில்ல."

"காசு நீங்க ஏற்கெனவே குடுத்துட்டீங்க. சோப்பு வாங்குறீங்க, வண்டிக்குப் பெட்ரோல் போடுறீங்க, அதுல போற வரிதான். கடல் தாண்டி இத வரவழைச்சதும், உருளைக்கிழங்கு முளையில மாவுப்பூச்சி வளத்து அதுல இத வளக்கறதும் அந்தக் காசுலதாங்க."

அவள் சொன்னது அத்தனையும் சரி. சித்தப்பாவுக்குப் பெட்ரோலை ஞாபகப்படுத்தியதுதான் தப்பாகப் போயிற்று. அவர் நேரே போய் ஜீப்பின் சாவியை உருவி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"உங்க பெரிய ஆபீசர வரச் சொல்லு. உருப்படியா மருந்து எடுத்தாரச் சொல்லு. அப்புறம் தர்றேன் சாவி."

ஊர் கூடிவிட்டது. சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள். ஜீப் டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். குப்பி அக்கா துப்பட்டாவால் குப்பியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"சாவிய வெச்சிக்குங்க. இத நிழல்ல வைக்க மட்டும் விடுங்க. வெயில் பட்டா செத்துரும்" என்றாள். அப்புறம், அதைச் சொல்லாமல் போகக்கூடாது என்பதுபோல, மெல்ல, "இத விட்டப்புறம் மருந்தடிக்கக் கூடாதுங்க. அடிச்சா மொதல்ல சாகறது இதுதான்" என்றாள்.

"அடிப்பேன். இப்பவே அடிப்பேன்" என்று சித்தப்பா கொட்டகைப் பக்கம் போய் டேங்கைத் தூக்கி வந்தார்.

அம்மா அதுவரை உள்ளே அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. சித்தப்பாவின் கையிலிருந்த டேங்கைப் பிடுங்கித் தரையில் போட்டு ஓங்கிக் குத்தினாள். பிளாஸ்டிக் பிளந்து அடியில் கிடந்த மருந்து வாசலில் ஓடியது. நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. மறுபடி மறுபடி குத்தினாள். குழாயைக் குத்தினாள், மூடியைக் குத்தினாள், சித்தப்பா கட்டியிருந்த கயிற்றைக்கூட விடவில்லை. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். அவரும் தடுக்கவில்லை.

மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

"இனிமே இந்த வூட்டுல எவனும் மருந்த முதுவுல ஏத்தக் கூடாது. பூச்சி தின்னா தின்னுட்டுப் போவட்டும். கொல்லையே போனாலும் போவட்டும். தம்பி, சாவியக் குடு அந்தப் பொண்ணுகிட்ட. நீ போம்மா, போயி இன்னாத்த வுடணுமோ வுட்டுட்டுப் போ."

அம்மாவுக்கு விஞ்ஞானத்தின்மேல் திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. குளவியை அவள் துளியும் நம்பவில்லை. புருஷனைப் பாதியாக்கிய சாமானை அவளால் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் கொல்லையில் குளவி பிழைத்ததற்குக் காரணம் அந்த வெறிதான்.

நான் குப்பி அக்காவோடு கொல்லைக்குப் போனேன். அவள் துணியை அவிழ்த்து, குப்பியைக் கொழுந்துக்குப் பக்கத்தில் சாய்த்து, விரலால் தட்டினாள். தூள் பறந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வாணவேடிக்கைபோல ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். "அவ்ளோதானா?" என்று கேட்டேன். "அவ்ளோதான்" என்றாள்.

சில வாரம் கழித்துப் பூச்சிகள் உப்பிப் பழுப்பாகிக் காய்ந்தன. ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தினாற்போல ஓட்டை. அவற்றுக்கிடையில் பச்சையாக ஒரு கொழுந்து வந்தது, அப்புறம் இன்னொன்று. யார் வரப்பு, யார் பட்டா என்று குளவி கேட்கவில்லை. அன்றைக்கு வாசலில் கைகொட்டிச் சிரித்தவர்களின் கொல்லைக்கும் போய் வேலை செய்தது. எங்களைப் பார்த்து மருந்து வாங்குவதை நிறுத்தியிருந்தவர்கள் கொல்லை முதலில் தழைத்தது. அடித்துக்கொண்டே இருந்தவர்கள் கொல்லையும், கை சலித்து அவர்கள் நிறுத்திய பிறகு, தழைத்தது.

ஐப்பசியில் நல்ல மழை. ஊரில் எல்லோரும் மழைதான் பூச்சியைக் கழுவிவிட்டது என்றார்கள். சித்தப்பாவும் அதையே சொன்னார். மருந்துக்கடைக்காரர் தான் கடைசியாகக் கொடுத்த மருந்து அடிமண்ணில் நின்று வேலை செய்ததாகச் சொன்னார். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். குப்பியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓசியில் வந்தது, ஓசையில்லாமல் வேலையை முடித்தது, அதனால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது பல வருஷம் கழித்து. நான் கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது மறுபடி மாவுப்பூச்சி வந்தது. இது வேறு ஜாதி, மரவள்ளியை மட்டுமே குறிவைத்து வந்தது. மழைதான் கழுவியது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே சித்தப்பா, "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக் குளவி வாங்கியாறேன்" என்று பைக்கை எடுத்தார். அந்தப் பண்ணையில் குளவி வளர்த்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். இந்தப் பூச்சிக்கு வேறு குளவி தேடவேண்டும், தேட ஆளும் இல்லை பணமும் இல்லை என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பினார். அந்தக் குளவியும் கடைசியில் வந்தது. வேறு எங்கோ சிலர் விடாமல் முயன்று கொண்டுவந்தார்கள், அதுவும் கவர்மெண்ட் காசில்தான். ஆனால் அதற்குள் சித்தப்பா கொல்லையைப் பிடுங்கிப் போட்டுக் கொளுத்திவிட்டு மெட்ராசுக்குப் போய்விட்டார். உலகத்தையே திட்டிக்கொண்டிருந்த மனுஷன், இன்றைக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் நின்று வருகிற காருக்கெல்லாம் சல்யூட் வைக்கிறார்.

ஒரு அறை. சில மூட்டை உருளைக்கிழங்கு. இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம். அதை மிச்சம் பிடித்து எந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெள்ளம் வந்தபிறகு ஏரிக்கரை போடுகிறவனையாவது மன்னிக்கலாம். வெள்ளம் வடிந்துவிட்டதே என்று போட்ட கரையை வெட்டி விடுகிறவனை என்ன சொல்வது? ஒவ்வொரு தடவை சோப்பு வாங்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் கொடுப்பதை நிறுத்தவே இல்லையே.

அம்மா டேங்கை உடைத்த அதே வருஷக் கடைசியில், அந்த அறையைப் பூட்டும் சமயத்தில், குப்பி அக்கா எங்கள் ஊருக்கு இன்னொரு தடவை வந்திருந்தாள். எனக்கு ஐந்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை லீவு. ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்தாள். கொல்லைக்குள் தனியாகப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள். அம்மா வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தாள். சித்தப்பா அவளைப் பார்க்காததுபோல லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்.

பஸ் ஏற்றிவிட நான் போனேன்.

"அடுத்த மாசம் வருவீங்களாக்கா?"

"இல்ல பாப்பா. எங்க வேலை முடிஞ்சிருச்சு. பூச்சிதான் போயிருச்சே, அப்புறம் எதுக்குப் பணம்னு மேல கேட்டுட்டாங்க. ரூமப் பூட்டச் சொல்லிட்டாங்க."

அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பூச்சி போய்விட்டது என்பது உண்மைதானே.

"அப்ப இனிமே உங்களுக்கு லீவா?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆமா. பெரிய லீவு."

கரியாலூரிலிருந்து இறங்கிய பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பவர்களுக்கு இப்படித்தான் பெரிய லீவு கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பஸ் நகர்ந்ததும் பலமாகக் கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.