பனியைப் படம் பிடிக்க ஒன்பது குறிப்புகள்

அந்தத் தாளின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தொழிற்சாலையின் சோதனை அறிக்கைத் தாள். பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒன்பது வரிகள். மூலத்தாளை லீடர் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். பனியை நான் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டிக்கு மேல் எனக்குத் தெரிந்த குளிர் கிடையாது. இருந்தும் அந்த ஒன்பது வரிகளில் ஒன்றுகூடத் தவறில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில், மின்னணுவியல் சான்றிதழோடு மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எங்கள் உற்பத்தி வரிசைக்குத் தலைவியாக இருந்தவரைத்தான் எல்லோரும் லீடர் அக்கா என்போம். பக்கத்து ஊரான திகாம் பத்துவைச் சேர்ந்தவர், பத்து வருடமாக அதே வரிசையில் நின்றவர். கம்பெனி பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையில் குடையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். முதல் வாரம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலில் விரலைச் சுட்டுக்கொண்டபோது, "படிச்ச கை, பாத்து வேல செய்லா" என்று கேலி செய்துகொண்டே மருந்து தடவிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் அப்பாவுக்கு அவரைப் பார்த்தபிறகுதான் என்னை வேலைக்கு அனுப்பியது பற்றி நிம்மதி வந்தது.

இரண்டாம் வருடக் கடைசியில் மேனேஜர் என் பெயரைச் சொன்னார். எங்கள் பிரிவிலிருந்து நான், பக்கத்துப் பிரிவிலிருந்து செர்டாங் ஊர்ப் பெண் ஒருத்தி, ஆறு மாதம் ஜப்பானில் பயிற்சி. திரும்பி வந்தால் டெக்னீஷியன் பதவி. கல்யாணமாகாத பெண் என்பதால் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தோட்டத்தில் பலர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பலாமா என்றவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "படிச்சிருக்கா, போறா." அன்று பால் வாடை போகச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தமிழில் கையெழுத்துப் போட்டார். படிவத்தை லீடர் அக்காவிடம் கொடுத்தேன். விடுப்போ சீருடையோ புகாரோ, எல்லாத் தாளும் லீடர் வழியாகத்தான் ஆபீசுக்குப் போகும். அவரைத் தாண்டி ஆபீஸ் படியேறிய பெண் எங்கள் வரிசையில் யாருமில்லை.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லீடர் அக்காவின் பெயர் இருந்தது. "சீனியர்தான் வேணும்னுட்டாங்கடி. ஒனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய தோளில்தான் அழுதேன். அந்த வாரம் பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பா சைக்கிளில் வந்தார். "என் கையெழுத்து சரியில்லையாம்மா?" என்று அக்காவிடமே கேட்டார். அக்கா சற்று யோசித்துவிட்டு, "இங்கிலீசுல போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ப்பா. சரி விடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார்.

அக்கா போகும் ஊரில் குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்கு நடக்குமாம். பயிற்சிக்கு வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு அழைத்துப்போவார்களாம். "ஒரு வீடியோ கேமரா வாங்கிக் குடுடி. நீ வராத கொறைய அதுலயாவது தீத்துடறேன்" என்றார். அவருடைய போனசுக்குள் அடங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. போக முடியாத பயணத்துக்கு நான் ஆயத்தம் செய்யத் தொடங்கினேன்.

ஜப்பானிலேயே மலிவாக வாங்கலாமே என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள். அங்கே வாங்கும் கேமராவில் எடுத்த படம் நம் ஊர் டிவியில் ஓடாது, இரண்டும் வேறு முறை. இங்கே வாங்கியதுதான் இங்கே ஓடும். அதுதான் என் முதல் வரி. சுங்கைப்பட்டாணியில் மின்சாதனக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவரை ஊரே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்குப் படம் பிடிப்பவர் ஒருவர் விற்றுவிட்டுப் போன தோள் கேமரா அவரிடம் இருந்தது. கனம்தான். ஆனால் தோளில் உட்கார்ந்துவிட்டால் ஆடாது, கேசட்டை நேராக எந்த வீடியோ டெக்கிலும் போடலாம். புதிய சின்னக் கேமராவின் விலையில் பாதி.

வாங்குமுன் சோதிக்க வேண்டுமே. பனிக்கு எங்கே போவது? வெள்ளை ஜிப்பாவோடு நானாவைக் கடைக்கு வெளியே சுண்ணாம்புச் சுவரோரம் உச்சிவெயிலில் நிற்க வைத்தேன். கேமராவுக்குள் பார்த்தால் சுவர் பளிச்சென்றும் அவர் முகம் கரியாகவும் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதைத் திருத்தும் பித்தானை அழுத்தியதும் முகம் மீசையோடு மேலெழுந்து வந்தது. பேட்டரியைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பக்கத்துக் கடை ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பாதி நேரம்தான் ஓடியது.

"தங்கச்சி, கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்குறவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார் நானா.

"மாப்பிள்ளைய ஐஸ் பெட்டில வைக்க முடியாதே நானா" என்றார் கூட வந்திருந்த அக்கா. கடையே சிரித்தது. நானும்தான்.

அன்றிரவே குறிப்புகளை எழுதி முடித்தேன். பித்தான் நான்காவது வரி. மாற்றுப் பேட்டரியைக் கோட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொள் என்பது ஐந்தாவது. குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது கேமராவைப் பையில் கட்டியே வை, இல்லையென்றால் கண்ணாடி வேர்க்கும் என்பது ஏழாவது. எட்டாவது இது: 'படம் ஓடும்போது பேசாதே. கேமராவின் மைக்குக்கு மிக அருகில் இருப்பது அதைப் பிடித்திருப்பவரின் வாய்தான்.'

அக்கா ஜப்பானில் இருந்த ஆறு மாதமும் அப்பா காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இங்கிலீஷ் கையெழுத்துப் பழகினார். மாதிரி எழுதிக் கொடுத்தவள் நான். "அடுத்த வாட்டி வந்தா தயாரா இருக்கணும்ல" என்பார்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்த அக்கா, ஞாயிறு பூசை முடிந்ததும் திகாம் பத்து வீட்டுக்கு எல்லோரையும் அழைத்தார். வரிசைப் பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள்; அப்பா வாசலோர நாற்காலியில். டெக்கை டிவியோடு இணைத்தது நான்தான். "நானே இன்னும் ஒழுங்காப் பாக்கலடி. அங்க உள்ள டிவியில ஓடல, நீ சொன்ன மாரியே" என்று சொல்லிவிட்டு அக்கா குடிக்க ரோஸ் சிராப் கலக்க அடுப்படிக்குப் போனார்.

படம் அருமையாக இருந்தது. வெள்ளைச் சரிவில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் வளைந்து வளைந்து இறங்கினான், முகம் தெளிவாகத் தெரிந்தது. பித்தானை அழுத்தியிருக்கிறார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். அப்போது எங்கோ தூரத்தில் செர்டாங் பெண்ணின் குரல் கேட்டது.

"ஏங்க்கா, ஒங்க லைன்ல அந்த சர்ட்டிபிகேட் பொண்ணு வர்றதாத்தான இருந்துச்சு?"

பதில், அறை அதிரும்படி, மிக அருகிலிருந்து வந்தது. "அவ வந்திருந்தா நான் இங்க நிப்பேனா? அப்பன்காரன் விடமாட்டேங்கிறான்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அந்தாளு கையெழுத்துப் போட்ட பாரம் இன்னும் என் லாக்கர்லதான் கெடக்கு... ஐயோ, விழுந்துட்டான் பாரு, விழுந்துட்டான் பாரு!"

சிவப்புச் சட்டைக்காரன் உருண்டுகொண்டிருந்தான். பாயில் சிரிக்கத் தொடங்கிய ஒருத்தி பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். டிவிக்குள் அக்கா சிரித்துக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்தும் அதே குரல்: "சிராப்பு எத்தன பேருக்குடி?"

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப என் கையெழுத்துல ஒண்ணும் தப்பு இல்லையா?"

தட்டோடு வந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார்.

"எட்டாவது வரியப் படிக்கலையாக்கா?" என்றேன்.

அவர் தட்டைத் தரையில் வைத்தார். "ஒனக்குப் படிப்பு இருக்குடி. இன்னொரு வாட்டி கூப்பிடுவாங்க. பத்து வருசமா நிக்கிறேன், என்னைய எவன் கூப்பிடுவான்?"

அதில் பொய்யில்லை, எனக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவிடம் சொன்னதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. என்னை ஏமாற்ற அந்தச் சொல் தேவைப்படவே இல்லை. நான் ஏற்கெனவே ஏமாந்து அழுது முடித்திருந்தேன். இணைத்த கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி டெக்கின் மேல் வைத்துவிட்டு, அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினேன். காலண்டர் தாள்களை அவர் மறுநாள் அடுப்பில் போட்டார்.

இப்போது பினாங்கில் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். போன மாதம் வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒரு படிவம் வந்தது. தகப்பன் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன்.

"எதுல போடட்டும்?" என்றார்.

"தமிழ்லதான்ப்பா."

சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்து போட்டார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நானே ஆபீஸ் படியேறினேன்.

கார்பன் நகலில் ஒன்பதாவது வரிக்குக் கீழே இடம் இருந்தது. அன்று மாலை அதில் இன்னொன்று எழுதினேன். ஊதா வரிகளுக்கு அடியில் அது மட்டும் நீல மையில் இருக்கிறது: 'பத்து. உன் படிவத்தை நீயே கொண்டுபோய்க் கொடு.'