ராணி ரீச்சரின் மணம்

விமானம் தரையிறங்கிக் கதவு திறந்ததும் எரிபொருள் மணம் உள்ளே வந்தது. அசல் மண்ணெண்ணெய் மணம்.

தொண்ணூறுகளில், போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. அரியாலைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் மூன்றாம் வகுப்பு ராணி ரீச்சரின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அந்தப் புகை மணம் வந்ததுமே, ரீச்சர் வருகிறார் என்று வகுப்பு எழுந்து நின்றுவிடும்.

ஒருநாள் மணம் வரவில்லை. விடியற்காலையில் குண்டு விழுந்திருந்தது. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து ரீச்சர் புழுதிக் காலோடு வந்தார்.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது பிள்ளையள். நடந்து வந்தனான்."

மறுநாள் வீட்டு விளக்கு எண்ணெயை மருந்துப் போத்தல்களில் கொண்டுபோனோம். எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்.

"கொண்டுபோய் விளக்குக் கொளுத்திப் படியுங்கோ. எனக்குக் கால் இருக்கு."

அதற்குப் பிறகு நடந்தேதான் வந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்தியபடி என்னை அண்ணாந்து பார்த்தார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.