வெசாக் நாளில் ஓடிய அரை மரதன்

பெற்றோல் வரிசைகளெல்லாம் கலைந்து, பஸ்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு வந்த இரண்டாவது வெசாக், புத்தர் பிறந்த நாள் பண்டிகை, அது. கண்டியில் அன்றைக்கு மழையோடுதான் விடிந்தது. நான் அரை மரதன் தூரத்தை ஓடப் போகிறேன் என்பது மஹய்யாவயில் எங்கள் வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் என் மச்சினன் செய்த வேலை.

மரதன் என்றதும் என்னைப் பெரிய விளையாட்டு வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தால், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பித்த ஆள் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு என்னை ஓட வைத்தது பெற்றோல் தட்டுப்பாடு. பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் எனக்குக் கணக்கு வேலை. பஸ் இல்லாத நாட்களில் கெட்டம்பே வரை யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். மிச்சத்தை நடக்க வேண்டும். நடந்து போனால் பிந்திவிடும், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று ஆரம்பித்தேன். பிறகு நடை குறைந்து ஓட்டம் கூடிவிட்டது.

கஷ்டமான காலம்தான். கரண்ட் இல்லை, காஸ் இல்லை, வீட்டில் விறகடுப்பு. ஆனாலும் அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏனோ ஆசையாக இருக்கிறது. அவ்வளவு பெரிய ரோட்டில் வாகனமே இருக்காது. கெட்டம்பேயில் மகாவலி ஓடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். என்னைப் போலவே வேலைக்கு நடந்து போகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டு கூடவே வருவார்கள். பஸ் வந்த பிறகு அவர்களை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஓட்டம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. காலையில் கண்டி வாவியைச் சுற்றி ஓடாவிட்டால், அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு இரத்தத்தில் சீனி குறைந்து, டொக்டரே பாராட்டினார். அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வெசாக் வந்த வருஷக் கடைசியில் கொழும்பில் நடக்கிற முழு மரதனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஹந்தானையில், அவள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் அது. காலையிலிருந்தே எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். மாட்டேனே! மாப்பிள்ளை மாதிரி பந்தல் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றேன். இரண்டாவது முறை கேட்டபோதும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேதான் சந்தனத் தட்டின் மேல் விழுந்தேன். கண் விழித்தபோது நெற்றியில் தையல். அவள் அழுது வீங்கிய முகத்தோடு கட்டில் பக்கத்தில் இருந்தாள்.

அதனால் கொழும்புக்குப் போக வேண்டுமானால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அதுல பாதியை மொதல்ல நம்ம ரோட்டுல ஓடிக் காட்டுங்க. நல்லபடியா வாசலுக்கு வந்துட்டீங்கன்னா கொழும்புக்குப் போங்க. இல்லன்னா அந்தச் சப்பாத்த எடுத்து யாருக்காச்சும் குடுத்துருவேன்."

சொன்னால் செய்கிறவள். என் வாயை நம்பாமல், சாட்சிக்குத் தன் தம்பியையும் பைக்கில் பின்னால் அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள்.

நாள் பார்த்தது நான்தான். வெசாக்குக்குக் கடை இரண்டு நாள் பூட்டு, லொறித் தொல்லை இல்லை, காலையில் ரோடு காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். தன்சல்களை அடியோடு மறந்துவிட்டேன். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன் வெசாக் அன்று தன்சலை மறந்தால் அவனை என்ன சொல்வது? வெசாக் வந்தால் சிங்கள மக்கள் ரோட்டோரமெல்லாம் மேசை போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடும் குடிக்கவும் இலவசமாகக் கொடுப்பார்கள். கொடியை நீட்டி பஸ்ஸையே மறித்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வதுதான் மரியாதை, கொடுக்கிறவர்களுக்கு அது புண்ணியம். வேண்டாம் என்று போனால் அவர்கள் முகம் வாடிவிடும்.

வெள்ளெனவே எழும்பி, பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு, வழக்கமான சீனி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சப்பாத்தைக் கட்டினேன். வெளியே பார்த்தால் சோவென்று மழை. இதோ விடும், அதோ விடும் என்று எட்டு மணி தாண்டும்வரை வாசலிலேயே நின்றேன். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மனைவி சொன்னாள். வயிறு பாரமாக இருந்தால் ஓட முடியாது, வந்து சாப்பிடுகிறேன் என்றேன். மாத்திரை உள்ளே போய் எவ்வளவு நேரமாகிறது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

மழை விட்டதும் கிளம்பினேன். டவுனில் வெள்ளை உடுத்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் புத்தரின் பல் இருக்கிற மாளிகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பொலித்தீன் சுற்றிய வெசாக் விளக்குக் கூடுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்குப் பின்னால் மச்சினன், என் தண்ணீர்ப் போத்தலோடு பைக்கை உருட்டாத குறையாக ஓட்டி வந்தான். பேராதனை ரோட்டில் திரும்பியதுமே ஒரு இலைக்கஞ்சித் தன்சல். ஒருவர் கோப்பையோடு என் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். நான் தேர்தலில் நிற்கிறவன் மாதிரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே தப்பித்தேன். அடுத்தது கோப்பி. அதற்கடுத்தது அவித்த கடலை. எல்லாவற்றுக்கும் ஒரே கும்பிடு. நான் வேண்டாமென்றதையெல்லாம் மச்சினன் நிறுத்தி நிறுத்தி வாங்கினான். கெட்டம்பே வரும்போது அவன் எங்கேயோ பின்னால் நின்றுவிட்டான், போத்தலும் அவனோடு நின்றுவிட்டது.

கெட்டம்பேயில் ஒரு வீட்டு வாசலில் சின்னதாக ஒரு தன்சல். கொடியில்லை, பாட்டில்லை. ஒரு மேசை, ஒரு பெரிய பானை, அவ்வளவுதான். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். பெலிமல், அதாவது வில்வப் பூ அவித்த தண்ணீர், கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு. நான் அவரையும் கும்பிட்டு, விலகிக்கொண்டு ஓடினேன். அப்படியானால் திரும்பி வரும்போது குடியுங்கள் என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பிலிமத்தலாவைக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினால் எனக்குத் தூரம் சரி. திரும்பும்போது அப்படியொரு உற்சாகம். இது மாதிரி இன்னொரு தரம் போய்வந்தால் கொழும்பு என்று மனம் துள்ளியது. பேராதனைப் பூங்காவைத் தாண்டும்போது விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. ஓடுகிற வேர்வை இல்லை, இது குளிர்ந்த வேர்வை. சீனி இறங்குகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், ஒன்றுமில்லை, மகாவலிப் பாலம் தாண்டினால் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தால் கதை முடிந்தது, கொழும்பு முடிந்தது, சப்பாத்து போய்விடும். பாலத்தைத் தாண்டினேன். சரியாகவில்லை. ரோட்டின் இரண்டு ஓரமும் மங்கத் தொடங்கின. அங்கே ஒரு தன்சலில் கஞ்சி முடிந்து பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சோற்றுத் தன்சலில் இன்னும் உலை கொதிக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று போனவனுக்கு, வேண்டுமென்றபோது ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவின் மேசை வரை எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. உட்கார முடியாது, நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தமிழில் உளறினேன். அவர் இழுக்கவில்லை, அதட்டவில்லை, கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து, ஹந்தானையில் கட்டில் பக்கத்தில் இருந்த அந்த வீங்கிய முகம் கண்ணுக்குள் வந்தது. என் உடம்பிலிருந்த வீம்பெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

கருப்பட்டியை வாயில் போட்டு, பெலிமலைக் குடித்தேன். பிறகு இன்னொரு துண்டு, இன்னொரு கோப்பை. வருஷக்கணக்காக நான் தொடாத இனிப்பு. அதுதான் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த அம்மாவின் கணவர் ஒரு மட்டையை எடுத்து எனக்கு விசிறினார். அம்மா உள்ளே போய் வாழையிலையில் பாற்சோறு கொண்டுவந்து, காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ எவரோ, போகும்போது கும்பிட்டுவிட்டு ஓடியவன். அதை அவர் மனதில் வைத்துக்கொண்டதாகவே தெரியவில்லை.

நடுக்கம் அடங்கி, கண் தெளிந்து நான் பாற்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மச்சினன் வந்து சேர்ந்தான். கையில் கடலைச் சுருள். என்னைக் கதிரையில் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பிறகு என் காதருகே குனிந்தான்.

"மச்சான், பைக்ல ஏறுங்க. வீட்டு வளைவுக்கு முந்தி எறக்கி விட்டுர்றேன். அங்கயிருந்து ஓடி வந்த மாதிரி வாங்க. அக்காவுக்கு என்ன தெரியப் போகுது?"

பொய் சொல்ல மனம் வரவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் ஏறுவதற்காகத்தான் எழுந்து நின்றேன். நின்றபோது கால் இரண்டும் நன்றாக இருந்தன. இவ்வளவு தூரம் ஓடிய கால்களைப் பைக்கில் தொங்கவிட்டுக்கொண்டு போக என்னவோ போலிருந்தது. நீ என் பக்கத்தை விட்டு நகராமல் வா என்று சொல்லிவிட்டு, மெதுவாக நடந்து, பிறகு மெல்ல ஓடினேன். அந்த அம்மா மிச்சமிருந்த கருப்பட்டியைக் கடதாசியில் சுற்றி மச்சினனின் சட்டைப் பையில் திணித்தார். வழியில் கோப்பித் தன்சல்காரர்கள் மறுபடி மறித்தார்கள். இந்த முறை நின்று, வாங்கி, நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். பக்கத்திலேயே பைக்கில் ஊர்ந்து வந்த மச்சினன், என் கவனத்தைத் திருப்ப, பார்த்தது கேட்டதையெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அப்படி ஒரு பேச்சை அவனிடம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

வீடு வந்து சேரும்போது உச்சிப் பகலாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் ரோட்டுக்கே வந்து கைதட்டினார்கள். மனைவி மட்டும் தட்டவில்லை. வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓடியது, கை நடுங்கியது, கெட்டம்பேயில் கதிரையில் உட்கார்ந்தது, எல்லாம். சொல்லி முடித்து, சப்பாத்தைக் கழற்றி அவள் பக்கமாக வைத்தேன். பேச்சு என்றால் பேச்சுதானே.

அவள் சப்பாத்தைத் தொடவில்லை.

"நீங்க விழுந்துருவீங்கன்னு நான் பயப்படல. விழுறதுக்கு முந்தி உக்கார மாட்டீங்களேன்னுதான் இத்தனை நாளும் பயந்தேன். இன்னைக்கு உக்காந்திருக்கீங்க. கொழும்புக்குப் போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு, காலையில் சாப்பிடாமல் போனதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஏசினாள். அது வேறு கதை.

டொக்டரிடம் மாத்திரையையும் சாப்பாட்டையும் பற்றி ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, அந்த வருஷக் கடைசியில் கொழும்பு மரதனை ஓடி முடித்தேன். எனக்குப் பின்னால் அதிகம் பேர் வந்ததாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு தரம் உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தது. உடனே நடைபாதையில் உட்கார்ந்து, இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் எடுத்து, உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். சரி, ஆறுதலாக எழும்பி வாருங்கள் என்றாள். அவள் குரலில் பயமே இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது வந்த சந்தோஷத்தை விட, அந்தக் குரலைக் கேட்டபோது வந்த சந்தோஷம் பெரிது.

மச்சினன் இப்போது கட்டாரில். வெசாக் வந்தால் அங்கிருந்து போன் எடுத்து, கடலை கிடைக்கவில்லை மச்சான் என்று புலம்புவான். அடுத்த வருஷ வெசாக்குக்கு நானும் மனைவியும் ஒரு பெட்டி பழத்தோடு கெட்டம்பேக்குப் போனோம். அந்த வீடு பூட்டியிருந்தது. மகளோடு இருக்க எங்கோ போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதும் வாவியைச் சுற்றி ஓடும்போது கை லேசாக நடுங்கினால் போதும், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அந்த மதிலோரம் உட்கார்ந்துவிடுகிறேன். நான் இப்படி உட்காருவேன் என்று தெரிந்திருப்பதால்தான், வீட்டில் ஒருத்தி காலைத் தேநீரை நிம்மதியாகக் குடிக்கிறாள்.