வைட்டமின் பாட்டிலில் இருந்த மாத்திரை

பாட்டில் காலி. மைக் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. மாதத்துக்கு அறுபது மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டோடு தினம் இரண்டு. இன்றைக்கு இருபத்தோராம் நாள்தான். கணக்குப்படி இன்றைய இரண்டையும் சேர்த்து இன்னும் இருபது இருக்க வேண்டும்.

மைக் என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிப்பவள் அவள்தான். ஊரே அவள் குரலைக் கேட்டது. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அறிவிப்பு அறைக் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிவைத்திருந்தாள். கன்னம், தாடை, கழுத்துவரை சீழ்க் கட்டிகள். அவற்றைப் பரு என்று சொன்னால் பருவே கோபித்துக்கொள்ளும். பார்த்தவர்களெல்லாம் வைத்தியர்கள் ஆனார்கள். ஒருத்தர் எண்ணெயை நிறுத்தச் சொன்னார், இன்னொருத்தர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். கடைசியில் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான் கேட்டது. மூன்றாவது மாதம் கன்னம் ஆறியது. போன வாரம் அந்தச் செய்தித்தாளைக் கிழித்து எறிந்தாள்.

ஆனால் அது லேசுப்பட்ட மாத்திரை இல்லை. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுக் குழந்தையைப் பாழாக்கிவிடும். அதனால் மாசாமாசம் இரத்தப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, இந்தக் காலத்தில் கருத்தரிக்க மாட்டேன் என்று கையெழுத்து. பெட்டியிலேயே வயிறு தள்ளிய பெண்ணின் படம், குறுக்கே சிவப்புக் கோடு. கல்யாணமாகாத பெண் அதை வீட்டில் எங்கே வைப்பாள்? அண்ணன் கண்ணில் பட்டால் ஆயிரம் கேள்வி. பெட்டியைக் கிழித்துப் போட்டாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தீர்ந்துபோன வைட்டமின் பாட்டிலில் கொட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தாள். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அந்த வீட்டில் அவளுக்கும் அண்ணிக்கும் தனித்தனியாக எதுவும் கிடையாது. சீப்பு, செருப்பு, குடை, எதை யார் எடுத்தாலும் கேட்பதில்லை. அதைக்கூடவா மறந்தாள்?

"அண்ணி, இதுல இருந்த மாத்திரைய எடுத்தீங்களா?"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் வெட்கம்.

"கேக்காம எடுத்துட்டேன்மா. தீர்ந்துடுச்சா? நானே வாங்கி வச்சிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்து வீட்டுலயே டெஸ்ட் பண்ணேன், ரெண்டு கோடு வந்துச்சு. முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சதால உங்க அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லல. இந்தத் தடவையாவது நிக்கணும்னு முன்கூட்டியே உடம்பைத் தேத்த ஆரம்பிச்சேன். இருபது நாளா வைட்டமின் போடறேன்."

மைக்குக்குக் காது அடைத்துக்கொண்டது. அண்ணி சிரிப்பது தெரிந்தது, பேசுவது கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. தோன்றியதே என்று தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

"அண்ணி, அது வைட்டமின் இல்ல."

முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட மைக்குக்குத் தேவலை என்றிருக்கும்.

அரை மணி நேரத்தில் இருவரும் மகப்பேறு மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் டாக்டர் பாட்டில மாத்தி வச்சேன்" என்றாள் மைக்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"இனிமே ஒண்ணுகூட உள்ள போகக் கூடாதும்மா. குழந்தையோட மூளை, இதயம், காது, எதுல வேணாலும் பாதிப்பு வரலாம். வராமலும் போகலாம். போகப் போக ஸ்கேன்ல கொஞ்சம் தெரியும், எல்லாம் தெரியாது. கர்ப்பத்தை வச்சுக்கறதா வேணாமான்னு உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசலாம்."

அண்ணி கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. சேலை முனையைச் சுருட்டிக்கொண்டேயிருந்தாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "தினம் ஒண்ணுதானே போட்டீங்க?"

அண்ணி ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு இல்லை என்று ஆட்டினாள்.

"நடுவுல ரெண்டு நாள் மறந்துட்டேன் டாக்டர். குழந்தைக்குக் குறைஞ்சிடக் கூடாதேன்னு ரெண்டு தடவையும் மறுநாள் சேத்து ரெண்டா போட்டேன்."